இரண்டாவது சிலிண்டர்

கண்ணு,

இங்க போன் எதுவும் வேலை செய்யல. மீட்புப் படகுல வந்த தம்பிகிட்ட இதைக் கொடுத்தனுப்புறேன்.

புயல்னு சொன்னதுமே அப்பாவோட ஆக்சிஜன் மெஷின், மாத்திரை, மாத்துத்துணி எல்லாத்தையும் நீ சொன்ன மாதிரியே கட்டிவச்சேன். நோயாளிகளுக்குன்னு ஒதுக்கின பள்ளிக்கூடத்துக்கு வேன்ல கூட்டிட்டு வந்தாங்க. ஜெனரேட்டர் இருக்குன்னாங்க. இருந்துச்சு, தண்ணி ஏறுற வரைக்கும்.

அப்புறம் மெஷின் நின்னுபோச்சு; கையோட கொண்டுவந்த ரெண்டு ஆக்சிஜன் சிலிண்டர்தான் கதி. முதலாவது தீரப்போற நேரம், பக்கத்துக் கட்டில்ல இருந்த தையல்காரப் பொண்ணுக்கு மூச்சிழுப்பு வந்துடுச்சு. நிறைமாசக்காரி. உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. நர்ஸ் எங்களையும் அந்த ரெண்டாவது சிலிண்டரையும் மாறி மாறிப் பாத்தாங்க.

அப்பாவே மாஸ்க்கை விலக்கி, "அடுத்ததை அவளுக்கு மாட்டுங்க"ன்னார். நான் முடியாதுன்னு சிலிண்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

"காலம் பூரா கண்டக்டரா இருந்தவன்டி நான். புள்ளத்தாச்சி நிக்கிறப்போ உக்காந்துட்டு வரச் சொல்றியா?"ன்னு சிரிச்சார். என் விரலை ஒவ்வொண்ணா அவர்தான் பிரிச்சுவிட்டார்.

படகு மறுநாள்தான் வந்துச்சு. நிறைய சிலிண்டர் கொண்டுவந்திருக்காங்க.

அந்தப் பொண்ணு இப்ப தூங்குறா. மூச்சு சீரா வர்றது எனக்குக் கேக்குது. அவமேல கோபப்படக் கூடாதுன்னுதான் பாக்குறேன். வருது. போர்வை விலகினா போத்தியும் விடுறேன்.

நீ அடிச்சுப் புடிச்சுக் கிளம்பாதே. ரோடு சரியாகட்டும். இனி அவசரம் ஒண்ணும் இல்ல.

அம்மா