முன் இடது சக்கரம்

ஜன. 21, புதன்

விடிகாலைப் பனி. எதிர்வீட்டுச் சுவரே தெரியவில்லை.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது! ரெண்டு வருஷம் கழித்து. புது பேட்டரி, புது பெட்ரோல். ஆனால் கியர் போட்டால் நகரவில்லை. பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

கொழுந்தன் சேகர் கடலூரிலிருந்து போன். "அண்ணி, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு புரோக்கர் வர்றாரு. ஓடாத வண்டிய வெச்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க? அண்ணனும் சரின்னுட்டாரு." மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு சரி சொல்வது சுலபம். நாற்பத்திநாலு வயதில் லைசன்ஸ் எடுத்து நான் ஓட்டிய ஒரே வண்டி இது. அவரிடம் பேசி, அதற்குள் ஓடினால் விற்பதில்லை என்று வாக்கு வாங்கிவிட்டேன். நாலு நாள்.

மெக்கானிக் பாஷா பாய் லால்பேட்டையில், தங்கச்சி மகள் கல்யாணம். திங்கள்தான் வேலைக்கு வருவார். "ஜாக்கி, ஸ்பேனரு எல்லாம் கடையில இருக்கு, எடுத்துக்கங்கம்மா. ஸ்டாண்டு வெக்காம அடியில மட்டும் பூராதீங்க."

பன்னிரண்டு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்ட்டரில் நின்றவள் நான். எல்லாப் பாகமும் டப்பாவில் பார்த்தாயிற்று. வண்டியில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வாங்க: பிரேக் ஆயில், உப்புத்தாள், தயிர்.

ஜன. 22, வியாழன்

பின் சக்கரம் ரெண்டும் இறுகிக் கிடக்கின்றன. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாலும் விடவில்லை. மரக்கட்டை வைத்து பிரேக் டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டு, தட்டு. அரை மணி நேரம். டொக். விட்டது! கழற்றினால் உள்ளே ஒரே துரு.

யார் பார்த்த வேலை? நான்தான். ரெண்டு ஆயுத பூஜைக்கும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து மூடினேன். சாமி காரியம் என்று கூடுதலாக ஒரு இழுப்பு வேறு. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

துருவைத் தேய்த்து மாட்டி, சாயந்திரம் தெருமுனை வரை, நடக்கிற வேகத்தில். வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இறங்கிப் பார்த்தால் முன் இடது சக்கரம் கிட்டப் போகவே அனல். பிரேக் கட்டையை அழுத்துகிற காலிப்பர்தான் விடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகமே இல்லை.

ஜன. 23, வெள்ளி

சந்தேகமே இல்லையாம்! நாள் பூராவும் காலிப்பரோடு மல்லுக்கட்டு. அதன் பிஸ்டன் முக்கி முனகித்தான் உள்ளே போனது, துருவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தேய்த்து, கிரீஸ் வைத்து, மாட்டி, ஓட்டினால் அதே இழுப்பு. அதே சூடு. அழுகை வந்துவிட்டது. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து, அது வேறு எரிச்சல்.

காபி குடிக்கும்போது ஞாபகம் வந்தது. அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்த காட்டுமன்னார்கோயில் ஆள். ஒரே பக்கத்துக்கு ரெண்டு தடவை காலிப்பர் வாங்கிப் போனார். மூணாவது தடவை அதற்கு ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் வாங்கினார். அப்புறம் வரவே இல்லை.

ஜன. 24, சனி

புரோக்கருக்குப் போட்டோ எடுக்க சேகர் வந்தான். "போட்டோ அப்பறம். சீட்ல ஒக்காரு" என்றேன். சக்கரம் ஜாக்கியில்.

"மிதி."

"மிதிச்சிட்டேன் அண்ணி."

"இப்ப வுடு."

விட்டான். சக்கரம் அசையவில்லை. காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திருகினேன். கறுப்பு ஆயில் பீச்சியது. சக்கரம் லேசாகச் சுற்றியது! ஆக, பிஸ்டன் மேல் குற்றமில்லை, ஆயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. நிப்பிளை மூடி, மறுபடி மிதிக்கச் சொல்லி, இந்தத் தடவை ஹோஸின் மேல்முனையைத் தளர்த்தினேன். மேலே வழி திறந்தும் சக்கரம் விடவில்லை. ஹோஸேதான்! வெளியே புதுசு போல இருக்கிறது, உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. பாவம் காலிப்பர், ஒரு நாள் பூராவும் திட்டினேன்.

ரெண்டு பக்கமும் புது ஹோஸ். புது ஆயில். நாலு சக்கரத்துப் பிரேக்கிலும் ஆயிலில் புகுந்த காற்றை எடுத்தோம்.

"அண்ணி, காலு வலிக்குது."

"மிதிடா."

பெடல் இப்போது கல்.

சாயந்திரம் பாஷா பாய், கையில் கல்யாண பிரியாணி. ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டினார், நாலு தடவை பிரேக் அடித்தார். "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லம்மா. திங்கக்கெழம நம்ம கடைக்கு வந்துடுங்க, வேல ஜாஸ்தியா கெடக்கு." சிரிக்காமல் சொன்னார். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெருமையாக இருக்கிறது. இருக்கட்டுமே.

ஜன. 25, ஞாயிறு

நல்ல வெயில். எட்டு மணிக்குக் கிளம்பியாயிற்று, கடலூருக்கு. ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் சேகர், கைப்பிடியை விடவே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு ஆடு குறுக்கே. மிதித்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. ஆடுதான் நகரவில்லை.

சேகர் அங்கேயே போனை எடுத்தான். "சார், வராதீங்க. வண்டி குடுக்கறதா இல்ல."

அவன் வீட்டில் இறங்கியதும் மஸ்கட்டிலிருந்து அவர். ஸ்பீக்கரில். "ஓட்டிக்கினே வந்துட்டீங்களா? யாருடா மெக்கானிக்கு? கெட்டிக்காரனா இருக்கானே."

"அண்ணிதான்ணா. பெடலு மட்டும் நானு."

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம், "அப்ப மார்ச்சுல ஏர்போர்ட்டுக்கு நீயே வந்துடறியா?"

வந்துடறேன் என்றேன்.

கார் சேகர் வீட்டு வாசலில். கியரில் விட்டு, டயருக்கு ரெண்டு செங்கல். ஹேண்ட்பிரேக் போடவில்லை.