இடப்பக்கம் போன முள்

நேற்று பள்ளிப் பட்டறையைக் கடந்து போனபோது ஒரு வாடை வந்தது. அரக்கும் தூசியும் சேர்ந்து சூடேறிய வாடை. எட்டிப் பார்த்தேன். வாழ்வியல் திறன் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், வயர் இல்லாத டிரில்லின் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் சுற்றியது. பலகையில் வைத்ததும் நின்றுவிட்டது.

"பேட்டரி கோங் ஆயிடுச்சு டீச்சர். செத்துப்போச்சுலா" என்றார்.

பேட்டரியாக இருக்காது, முதலில் அடியில் உள்ள தகட்டைப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது உன் வார்த்தை. பதினோரு வருடம் கழித்தும் அதை என்னுடையதாக எடுத்துச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் உனக்குத் திதி கொடுத்தோம். உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்த ஓரகத்திகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கிள்ளான் வீட்டுக்கு நீ சின்ன மருமகளாக வந்தபோது, நான் பெரிய மருமகளாக நான்கு வருடம் முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள், இடைநிலைப்பள்ளி ஆசிரியை. அத்தைக்கு வரும் ஆங்கிலக் கடிதம், மலாய்க் கடிதம் எல்லாவற்றையும் படித்து அர்த்தம் சொல்வது நான்தான். நீ பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு ஷா ஆலத்தில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவள். ஊதாச் சட்டை, தோள்வரை வெட்டிய முடி. தொழிற்சாலை பஸ் தெருமுனையில் திரும்பும்போதே உன் சிரிப்புச் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும்.

நீ வந்த இரண்டாவது வாரம் அத்தையின் மேசை விசிறி நின்றுபோனது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, விசிறியைக் கவிழ்த்துப் போட்டு, பத்து நிமிடத்தில் ஓடவைத்தாய்.

"எப்படிடி செஞ்ச?"

"நாள் பூரா பெக்டரியில இதான வேலை அத்தை. எல்லாம் ஒண்ணுதான். எங்கயாவது ஒரு இடத்துல கனெக்‌ஷன் விட்டிருக்கும். அந்த இடத்தத் தேடணும், அவ்வளவுதான்."

அத்தை உன் முகவாயைத் தொட்டு விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். நான்கு வருடத்தில் என் முகவாயை அவர் தொட்டதில்லை.

பிறகு இஸ்திரிப் பெட்டி, மாவு அரைக்கும் இயந்திரம், அடுத்த வீட்டுப் பையன்களின் ரேடியோ எல்லாம் உன்னிடம் வந்தன. "சின்னவ வரட்டும்" என்பது அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது. ஒருமுறை இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லை என்று அதனுடன் வந்த சிறு புத்தகத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். "டீச்சரம்மா பரீட்சைக்குப் படிக்கிறாங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரித்தது மறந்துபோய்விட்டது. நீ சிரித்தது மட்டும் இருக்கிறது.

அதற்குப் பொறாமை என்று அப்போது நான் பெயர் வைக்கவில்லை. உனக்கு அடக்கம் போதாது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். "அவ பாட்டுக்கு ரிப்பேர் பண்றா, உனக்கு என்னலா வலிக்குது" என்பார். எங்கே வலிக்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரிந்ததில்லை.

நம் வீட்டிலும் அதே மாதிரி வயர் இல்லாத டிரில் ஒன்று இருந்தது, என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் வேலை முடித்து வந்து, சட்டையை மாற்றாமலே அதைக் கையில் எடுத்துக்கொள்வார். சாமி அலமாரி ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். கதவு மாட்டுவது மட்டும் பாக்கி. ஒரு திங்கட்கிழமை மாலை அது மக்கர் செய்யத் தொடங்கியது. ஓடும், நிற்கும். அடியில் தட்டினால் மறுபடி ஓடும். நீ கையில் தேநீரோடு வந்து நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாய்.

"தட்டாதீங்க மாமா. பேட்டரியா இருக்காது. சனிக்கிழமை மீட்டர் இரவல் வாங்கிட்டு வரேன். அது வரைக்கும் யாரும் தொடாம அப்படியே வைங்க."

"சரிம்மா" என்று அவர் குழந்தை மாதிரி அதைப் பெட்டியில் வைத்து மூடினார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. புதன்கிழமை ஆசிரியர் அறையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு துணுக்கைப் படித்தேன். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரிகளுக்கு ஞாபகம் உண்டாம். பாதி தீர்ந்ததும் சார்ஜ் செய்து பழக்கினால், பாதிதான் தன் அளவு என்று நினைத்துக்கொள்ளுமாம். அந்த ஞாபகத்தை அழிக்க ஒரே வழி, முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்புவது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்தது. சனிக்கிழமை நீ பையைத் திறப்பதற்கு முன்னால், ஓடுகிற டிரில்லை அவர் கையில் கொடுப்பேன். எப்படி என்று அத்தை கேட்பார். நான் சொல்வேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் பள்ளி விட்டு வந்தேன். அத்தை படுத்திருந்தார். என் தலைமுடியில் இருந்த கறுப்பு ரப்பரைக் கழற்றி டிரில்லின் விசையில் சுற்றிக் கட்டி, துண்டில் பொதிந்து, பின்கட்டில் துணி துவைக்கும் தொட்டிக்குள் வைத்தேன். வண்டு மாதிரி ரீங்காரம். இடையில் இரண்டு தடவை நின்றபோது நானும் தட்டினேன். பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே காத்திருந்தேன். சத்தம் தேய்ந்து முனகலாகியது. முனை நகர்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்தபிறகும் நான் அவிழ்க்கவில்லை. முழுக்க என்று எழுதியிருந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சாயங்காலம் அவிழ்த்து, சார்ஜரில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை எடுத்து ஒரு பலகைத் துண்டில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது. தட்டினேன். தட்டினாலும் வரவில்லை. முன்பைவிட மோசம். பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

சனிக்கிழமை காலை கூடத்தில் செய்தித்தாள் விரித்து நீ உட்கார்ந்தது அப்படியே கண்ணில் இருக்கிறது. எதிரே அவர், நாற்காலியில் அத்தை, சமையலறை வாசலில் நான். டிரில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உன் விரல் விசையின் அடியில் நின்றது. அங்கிருந்து ஒரு முடியை உருவினாய். நீளமான கறுப்பு முடி. அந்த வீட்டில் அத்தையின் முடி நரைத்தது, உன்னுடையது தோளோடு நின்றது. அதை நீ ஆள்காட்டி விரலில் சுற்றி, மோதிரம்போல் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். என் பக்கம் திரும்பவில்லை.

முதலில் சார்ஜரைச் சோதித்தாய். நன்றாக இருந்தது. பிறகு பேட்டரியைக் கழற்றி, அது போய் உட்காரும் இடத்தில் உள்ள தகட்டை விரலால் தொட்டுக் காட்டினாய்.

"பாருங்க மாமா, இது தளர்ந்து படுத்திருக்கு. இதான் கோளாறு. ரெண்டு நிமிஷ வேலை."

நெம்பி நிமிர்த்தினாய். ஓடியது. நிற்காமல் ஓடியது. அவர் பலகையை எடுத்து வந்தார். பலகையில் பட்டதும் இழுக்காமல் நின்றது.

"பின்ன ஏன் நிக்குது?"

நீ பேட்டரியின் கூட்டைத் திறந்தாய். உள்ளே ஆறு செல்கள் வரிசையாக இருந்தன. வயரால் டிரில்லோடு இணைத்து, "இப்ப அழுத்துங்க மாமா" என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தாய். ஐந்து செல்களுக்கும் முள் வலப்பக்கம் எழுந்தது. ஒன்றுக்கு மட்டும் இடப்பக்கம் போய்ச் சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றது. பூஜ்யத்துக்கும் கீழே.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"ஒரு செல் போச்சு மாமா. பழசாயிடுச்சு."

"வாங்கி ஒரு வருசம்கூட ஆகலையே."

"சிலது அப்படித்தான்."

அத்தைக்குக் கோபம். "சும்மா இருந்த சாமானப் பிரிச்சா அப்படித்தான் ஆகும். சாமி அலமாரிக்கு வெச்சிருந்த மிஷின். பெக்டரியில பண்ற வேலைய வீட்டுல பண்ணாத. இனிமே இந்த வீட்டுல எதையும் தொறக்காத."

"சரி அத்தை" என்றாய்.

நான் சொல்லியிருக்கலாம். வாசலில் இருந்து நாலு அடிதான். சொல்லவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அத்தை உன்னைத் திட்டியபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது.

பிறகு சமையலறையில் நீ கை கழுவ வந்தாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்.

"கடைசி வரைக்கும் காலி பண்ணக்கூடாதுக்கா. ஆறு பேரு சேந்து இழுக்கறப்ப ஒருத்தன் மொதல்ல காலியாயிடுவான். மத்த அஞ்சு பேரும் அவனையே போட்டு மிதிப்பாங்க. அவன் தலைகீழாத் திரும்பிக்குவான். அப்புறம் அவனச் சரிபண்ண முடியாது."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாய். அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த சில மாதம் அத்தை உன்னைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார். விளக்கு மின்னினால்கூட "சின்னவ கை வெச்சாளா" என்பார். வருடம் முடிவதற்குள் நீங்கள் இருவரும் தெலுக் பங்லிமா காராங் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டீர்கள். புதிய தொழிற்சாலை அங்கே என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். நான் நம்பவில்லை. என் மௌனம்தான் உன்னை அனுப்பியது என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டதாகவும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நாளில் நினைக்க என்னால் முடிந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ வருவாய். பலகாரத் தட்டை என்னிடம் நீட்டும்போது ஒரு கணம் கண்ணைப் பார்ப்பாய். நானும் பார்ப்பேன். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். யாருக்கும் தெரியாத ஒன்று நம் இருவருக்குத் தெரியும். அது எனக்கு அவமானம்தான். ஆனாலும் அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அத்தைக்கு உன் கைராசி இருந்தது, என் வீட்டுக்காரருக்கு உன் பேச்சு, தெருவுக்கே உன் சிரிப்பு. உனக்கும் எனக்கும் மட்டும் என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

நோய் வந்து ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, தனியாக இருக்கும் நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் உன் தொழிற்சாலைத் தோழிகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. பழம் வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை வருவதற்கு நீ இல்லை.

போன வாரம் திதி முடிந்து எல்லோரும் கிளம்பிய மதியம், அத்தையும் நானும் கூடத்தில் தனியாக இருந்தோம். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அத்தை, அன்னைக்கு அந்த டிரில் பேட்டரியக் கெடுத்தது நான்தான். அவ இல்ல."

"தெரியும்லா" என்றார். வெற்றிலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமை மத்தியானம் பின்னால வண்டு மாதிரி என்னமோ கத்திக்கிட்டே இருந்துச்சு. நீ தொட்டிகிட்ட உக்காந்திருந்த. சனிக்கிழமை அவளத் திட்டின பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் அவளத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். மொதல்ல மழுப்பினா. அப்புறம் சொன்னா. அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க அத்தை, நாங்க எப்படியும் அந்தப் பக்கம் வீடு பாத்துட்டோம், போறவ மேலயே பழி இருக்கட்டும்னா."

"அதுக்கப்புறமும் அவளத் திட்டினீங்களே."

"உனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு நீ இருக்கறப்ப மட்டும் திட்டுவேன். அவ பின்கட்டுக்குப் போய் முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. அவளப் பாத்து எனக்கும் சிரிப்பு வந்துடும். ஒருநாள் வெத்தலை பொரையேறிடுச்சு, அப்பக்கூட நீதான் தண்ணி கொண்டு வந்து குடுத்த."

எனக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினோரு வருடமாக நான் காத்துவைத்திருந்தது உனக்கும் அத்தைக்கும் இடையில் இருந்தது. நான் அதற்குள் ஒரு பங்காளியாகக்கூட இல்லை. உங்கள் இருவருக்கும் சிரிக்கக் கிடைத்த விஷயமாக இருந்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றியதைக்கூட நீ என்னோடு சேர்ந்து செய்யவில்லையே என்று நெஞ்சு காந்தியது. செத்துப்போன உன்மேலும் எண்பது வயதுக் கிழவிமேலும்.

"அவ எப்படிச் சிரிப்பா, சொல்லுங்க" என்றேன்.

"அத எப்படிச் சொல்றது" என்று அத்தை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் காட்டப் பார்த்தார். வைத்தவர் அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் பள்ளி விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றிக் கேட்கிறேன். அவரிடம் நிறைய இருக்கிறது. என் சேலையை எனக்குத் தெரியாமல் ஒருமுறை கட்டிப் பார்த்தாயாம். என்னைப் போல ஆங்கிலம் பேச வேண்டும் என்று பஸ்ஸில் மெல்ல முணுமுணுத்துப் பழகினாயாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

"அப்புறம்?" என்கிறேன்.