யோகன் அண்ணையின் வானில் ஒரு சீற்

ஜனவரி 12, திங்கள்

கொட்டும் பனி. விடியமுன்பே சந்தியில் நின்றேன். கூட வேலை செய்யும் யோகன் அண்ணை எங்களை நாளும் ஏற்றிப்போகும் வான் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். பிக்கரிங்கில் சலாட் பொதி செய்யும் எங்கள் கொம்பனிக்குப் போய்ச் சேர நல்ல லேற். "பனிக்குள்ளே பாவம்" என்று சொல்லிக்கொண்டே மனேஜர் வோர்னிங் கடதாசியை நீட்டினான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். மூன்று வோர்னிங் வந்தால் வேலை போச்சு.

சாப்பாட்டு நேரம் ரஜனி வந்து குசுகுசுத்தாள். அவளும் அதே வானில் வருகிறவள்.

"அக்கா, நீங்கள் யூனியனிலை சேருற கார்ட்டிலை சைன் வைச்சது தெரிஞ்சு போச்சு. உங்களை வானிலை ஏத்த வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"ஐயோ, என்னைக் கேளாதேங்கோ."

வாங்க: பால், வெங்காயம், தடித்த சொக்ஸ்.

ஜனவரி 13, செவ்வாய்

பனி விட்டது, குளிர் விடவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து நேரத்துக்குப் போய்விட்டேன். பின்னேரம் யூனியன் பிள்ளை தாரணிக்கு போன். இந்த நாட்டிலேயே பிறந்தவள்.

"டோன்ற் வொறி அன்ரி. யூனியனிலை சேர்ந்ததுக்கு உங்களை வேலையாலை நிப்பாட்டேலாது, வெருட்டேலாது. தற்ஸ் த லோ, அதுதான் சட்டம்."

"என்னை ஒருத்தரும் நிப்பாட்டேல்லைப் பிள்ளை. வான்தான் ஏத்துதில்லை."

"வான் கொம்பனியின்ரையோ?"

"இல்லை, யோகன் அண்ணையின்ரை."

"ஓ... மனேஜர் சொல்லித்தான் விட்டவர் எண்டால் அது சட்டத்துக்குப் பிழை. பட், அவர் சொன்னதைக் கேட்ட ஆராவது வந்து சாட்சி சொல்லோணும் அன்ரி."

யோகன் அண்ணை சொல்லுவார்! மனேஜர் தும்மினால் தான் மூக்குத் துடைக்கிற மனிதன். விசர் பிடிக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

முதல் பஸ் வரவேயில்லை. இரண்டாவது வோர்னிங்.

வான் என்னைக் கடந்து போய் சிவப்பு லைற்றில் நின்றது. ரஜனி தலை குனிந்து போனைப் பார்த்தாள். என் சீற்றில் யாருடையதோ சாப்பாட்டுப் பை. பைக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

வேலை முடிந்து யோகன் அண்ணை வீட்டுக்கே போனேன். "அவர் குளிக்கிறார்" என்றார் மனைவி. அரை மணித்தியாலம் வாசலில் நின்றேன்; அவ்வளவு நேரம் குளித்தால் ஆள் கரைந்திருப்பார். திரும்பி வந்துவிட்டேன். கால் வலி.

ஜனவரி 18, ஞாயிறு

தமிழ்க் கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் யோகன் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, நான் என்ன களவெடுத்தனானோ?"

"தங்கச்சி, உம்மை ஏத்தினால் எனக்கு ஓவர்டைம் இல்லையெண்டு மனேஜர் சொல்லிப்போட்டான். எனக்கு மோர்ட்கேஜ் கிடக்கு."

"எனக்கு வாடகை கிடக்கு. இதை யூனியனிட்டை வந்து சொல்லுவீங்களோ?"

முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. நீர் ஒண்டும் கேக்கேல்லை."

முருங்கைக்காய் வாங்காமலே வந்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுகை.

ஜனவரி 20, செவ்வாய்

பஸ் தரிப்பிடத்தில் நின்று எழுதுகிறேன். இப்போது நடந்தது.

வான் வந்து என் முன்னால் நின்றது. யோகன் அண்ணை கண்ணாடியை இறக்கினார்.

"ஏறும் தங்கச்சி. அவன் என்ரை ஓவர்டைமையும் வெட்டிப்போட்டான். உந்த யூனியன் கார்ட் எனக்கும் ஒண்டு இருக்கோ?"

"கார்ட் இருக்கு. அவன் சொன்னதை வந்து சொல்லுவீங்களோ?"

ஸ்ரியரிங்கைப் பார்த்தார். "வின்ரர் முடியட்டுமே."

"அப்ப நீங்கள் போங்கோ" என்றேன். ஏறினால் வேலை தப்பும், தெரியும். ஏற மனம் வரவில்லை.

பின் கதவு திறந்தது. சாப்பாட்டுப் பையோடு ரஜனி இறங்கினாள்.

"மனேஜர் அண்ணைக்குச் சொல்லேக்கை நானும் பக்கத்திலைதான் நிண்டனான் அக்கா. நான் வந்து சொல்லுறன்."

வான் போய்விட்டது. அவளுக்குக் கையுறைகூட இல்லை. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். பஸ்ஸை இன்னும் காணவில்லை. இன்றைக்கும் லேற்தான்: எனக்கு மூன்றாவது வோர்னிங், அவளுக்கு முதலாவது.