கழுத்தில் ஒரு பழைய மிச்சம்

1986 ஜூன் 3, செவ்வாய்

விடியவே மழை. சாம்பல் நிறப் பட்டு உடுத்தேன். கொசுவம் திரும்பத் திரும்பக் குலைந்தது. வலது கை விரல்களுக்குத் துணி தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போல. கதவுக்கு வெளியே மகள் வதனி: "அம்மா, நான் வந்து பிடிக்கட்டே?" தேவையில்லை என்றேன். ஊசி குத்திச் சமாளித்தாயிற்று. கோணல்தான். மேலே கோட் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

மகள் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் கார் விட இடம் தேடிப் போனாள். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். தனியாகவே உள்ளே போனேன். டாக்டர் இளம் வயது. சப்பாத்து நன்றாகத் துலக்கியிருந்தார். நல்ல குறி.

கழுத்தெலும்பில் கட்டி. போன மாதம் ஊசியால் எடுத்த துண்டைப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். பெயர் கோர்டோமா. அரிது; கழுத்தில் வருவது இன்னும் அரிது. எதனால் என்று கேட்டேன். தாயின் வயிற்றில் முதுகெலும்பு உருவாகுமுன் அந்த இடத்தில் மெல்லிய தண்டு ஒன்று இருக்குமாம். பிள்ளை வளர அது கரைந்துவிடும். என்னில் ஒரு துணுக்கு கரையாமல் இருந்து, இந்த வயதில் வளரத் தொடங்கியிருக்கிறது.

விட்டால்: முதலில் கைகள், பிறகு கால்கள். மெதுவாக.
வெட்டினால்: தொண்டைப் பக்கமாகத் திறக்க வேண்டும். கை தப்பலாம். குரல் போகலாம். முழுவதும் எடுக்க முடியுமென்ற உறுதி இல்லை.

"ஒப்பரேஷனுக்கு உங்கள் பெயரைப் போடட்டுமா?" என்று கடைசியில் கேட்டார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "புரிகிறது" என்று மெல்லச் சொல்லிக் கோப்பை மூடினார். எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

ஜூன் 4, புதன்

வெயில். ஆனால் காற்று. உடுப்புக் காயாது.

வதனியிடம் நேற்றே எல்லாம் சொன்னேன். பெயர் போட்டாயிற்று, கூப்பிடுவார்கள் என்றேன். அவள் கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினாள்.

கலவரத்தில் எரிந்த கொழும்பு வீட்டோடு எல்லாம் போயிற்று. கலியாணப் படம், பியானோ, என்னவருடைய கண்ணாடி. கடல் கடந்து இந்த ரானுயிக்கு ஒரு பெட்டியோடு வந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. என்னிடமுள்ளதில் மிகப் பழையதைக் கழுத்துக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். அம்மா தந்தது. என்னை அவள் பார்ப்பதற்கும் முன்பு.

கொன்வென்டில் ஐரிஷ் மதர் எங்கள் தலையில் புத்தகம் வைத்து நடக்க விடுவார். விழுந்தால் திரும்ப முதலிலிருந்து. கேள்வி கேட்டால் வாயால் பதில். தலையைச் சாய்த்து ஆட்டினால் பிரம்பு மேசையில் விழும். பள்ளி முடித்தபோது என் தலை தூண் மாதிரி நின்றது.

பிறகு இவர் பெண் பார்க்க வந்தார். "தம்பிக்குச் சம்மதமோ?" என்று ஐயா கேட்க, இவர் வாயைத் திறக்கவில்லை. தலையை இடது தோள் பக்கம் சாய்த்து மெல்ல ஆட்டினார். திரைச்சீலைக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு. வாழ்நாள் முழுவதும் அப்படியே. உப்புக் காணுமோ? ஒரு சாய்ப்பு. கோவிலுக்குப் போவமோ? ஒரு சாய்ப்பு. மதர் நிமிர்த்தி வைத்ததை அவர் சாய்த்துவிட்டார். எப்போது நானும் பழகினேன், தெரியாது.

வாங்க வேண்டியவை: மூலைக் கடை டெயரியில் பாண், பால். முன்பக்கம் பொத்தான் வைத்த இரவுச் சட்டை.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இடது கைச் சின்ன விரலும் மரத்துவிட்டது. காலைத் தேநீர்க் கோப்பை உடைந்தது. நல்ல கோப்பை.

பின்னேரம் வதனி போன் எடுத்துக் கேட்டாள். வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "அம்மா, நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னீங்களாம்!"

"நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையாட்டினேன்."

பக்கத்து வீட்டு சரோஜா, ஃபிஜிக்காரி, முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! நம்ம தலை இவங்களுக்கு எங்க புரியும்? நான் வந்த புதுசுல ஃபேக்டரியில டீ வேணுமான்னு கேப்பாங்க. நானும் ஆமான்னு நல்லா ஆட்டுவேன். ஒரு வாரம் எனக்கு டீயே இல்ல!"

கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து நோகிறது. அன்றைக்கும் நொந்தது; சாய்ப்பு பாதியில் நின்றிருக்கும். அது பார்க்க "இல்லை" மாதிரித்தான் இருந்திருக்கும்.

சரோஜா போன பிறகு: "நாளைக்கே கூப்பிட்டுச் சரியாய்ச் சொல்லு."

வதனி சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடியே விடுவமே, அம்மா."

"ஏன்?"

"குரல் போனா? இந்த வீட்டில என்னை ஏச ஆர் இருக்கினம்?"



ஜூன் 13, வெள்ளி

மழை. விளக்கு ஏற்றத் தீக்குச்சி பிடிபடவில்லை. வதனி ஏற்றினாள்.

யோசித்துப் பார்த்தேன். குரல் இல்லாமல் ஒரு குடும்பம் நடத்தலாம். என்னவர் நடத்திக் காட்டினார். இன்னொருத்தி என் ரவிக்கைக்குக் கொக்கி போட, என் வாயில் கரண்டி வைக்க, சும்மா இருக்க என்னால் முடியாது. வதனிக்கு அது ஆணவம். இருக்கட்டும்.

அவள் வேலைக்குப் போன பிறகு நானே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். எண்ணைச் சுழற்ற விரல் வழுக்கியது, பென்சிலால் சுழற்றினேன். ஒப்பரேஷன் வேண்டும், ஆபத்துகள் எல்லாம் தெரியும் என்று முழு வாக்கியமாக, இங்கிலீஷில் சொன்னேன். போன் எடுத்த பெண்ணைத் திரும்பச் சொல்லும்படி கேட்டேன், சரியாகச் சொன்னாள்.

பின்னேரம் வதனியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு வெங்காயம் உரித்தாள், அழுததற்கு அதுதான் காரணம் என்பது போல.

ஜூன் 23, திங்கள்

குளிர். வானம் தெளிவு. நாளை காலை வார்டுக்குப் போக வேண்டும்.

இரவு புட்டும் கத்தரிக்காய்க் கறியும். புட்டுக்குத் தேங்காய்ப்பூ குறைவு. சொன்னேன். மற்ற நாளென்றால் முகம் சுளிப்பாள். இன்று கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள்.

"இன்னும் சொல்லுங்கோ, அம்மா."

கறிக்குப் புளி கூட என்றேன். குசினித் திரைச்சீலை மாதக் கணக்காய்த் தோயவில்லை என்றேன். போனில் கதைக்கும்போது கத்துகிறாய், இங்கே வந்த பிறகு உன் முதுகு கூனிவிட்டது, நிமிர்ந்து இரு என்றேன். மூக்கை உறிஞ்சாதே, லேஞ்சி எடு என்றேன்.

"பிறகு?"

சொல்லிக்கொண்டே இருந்தேன்.