பனியில் ஊற்றிய பாகு

அம்மாவுக்கு, கனடாவிலிருந்து கலையரசன் எழுதுவது.

முட்டிவலி குறைந்ததா? காவலூர் பஸ் ஒழுங்காக வருகிறதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் குடும்பம் வருடாவருடம் தோட்டத்து மேப்பிள் மரத்தில் துளை போட்டு, சொட்டும் நீரைக் காய்ச்சிப் பாகு எடுக்கும். ஞாயிறன்று என்னையும் கூப்பிட்டார்கள். நாளெல்லாம் அடுப்புக்கு விறகு தள்ளினேன். பாகு இறங்கியதும், தேன் எடுக்கும்போது அப்பா சொல்வது காதில் கேட்டது: "மொதல்ல போய்ச் சேந்தவங்களுக்கு வைடா, அப்பறம் நீ நக்கு." நாம் பாறையில் இலை போட்டு வைப்போம். இங்கே மரத்தில் ஓர் இலைகூட இல்லை. ஒரு கரண்டி பாகைப் பனியில் ஊற்றி, அப்பாவை நினைத்துக் கண்ணை மூடினேன்.

திறந்தால், வீட்டுக்காரரின் பெண்கள் இரண்டு பேரும் அதைக் குச்சியில் சுருட்டித் தின்கிறார்கள். பனியில் ஊற்றினால் பிள்ளைகளுக்கு மிட்டாயாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தையில் அப்பா காரியத்துக்கு லீவு கிடைக்காதவன், இதையாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

ஊருக்கு வரும் நண்பரிடம் ஒரு குப்பி பாகு கொடுத்திருக்கிறேன். சாமைக் களியில் ஊற்றிச் சாப்பிடு.

ஷிப்டுக்கு நேரமாகிறது. சாப்பிடும் முன் தம்பியைப் பாறையில் அப்பாவுக்கு ஓர் இலை போட்டு இந்தப் பாகை வைக்கச் சொல். யாரும் எடுத்துவிடாமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்காரச் சொல்.

கலையரசன்