என் முதுகுப் படத்தின் கீழ் மாற்றி வைக்கப்பட்ட வாசகம்

அனுப்புநர்:
வே. பொன்னம்பலம்,
இளைப்பாறிய நில அளவைப் படவரைஞர்,
உடுப்பிட்டி.

பெறுநர்:
உதவி அரசாங்க அதிபர் அவர்கள்,
காப்பாளர், புலரி கலை வட்டம்.

பொருள்: ஒளிப்படக் கண்காட்சியில் உண்மை வாசகத்தை மீண்டும் வைக்கக் கோருதல்

கனம் ஐயா,

1. புலரி கலை வட்டம் நடத்தும் மேற்படி கண்காட்சியின் கடைசித் தட்டியில் ஓர் ஆணின் முதுகு தெரியும் படம் உண்டு. அது என் முதுகு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை.

2. சித்திரை மாதம் அடையாள அட்டைக்குப் படமெடுக்கப் படப்பிடிப்பாளர் பஞ்சலிங்கத்திடம் போனேன். அவர் தந்த கோட்டுக்குள் என் இடக்கை நுழையவில்லை. உதவ வந்தவர் தோளிலிருந்த கண்டல் காயத்தைக் கண்டுவிட்டார். முதல்நாள் என் மனைவி செல்வநாயகி இடியப்ப உரலால் அடித்தது அது. அது முதல் தடவையுமன்று. வீட்டில் அடிவாங்கும் ஆண்களை முகம் தெரியாமல் படமெடுத்து வருவதாகவும், மூவர் சம்மதித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். நானும் சம்மதித்தேன். படத்தின் கீழே வைப்பதற்கு “வீட்டினுள்” என்ற சொல்லை என் கையாலேயே வரைந்து கொடுத்தேன்.

3. கண்காட்சியின் முதல்நாள் அச்சொல் இருந்தது. பலர் படத்தின் முன் நின்றனர். என்னை எவரும் அறியவில்லை. அன்று எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. மறுநாள் நான்கு படங்களின் கீழும் “இராணுவத்தின் கொடுமை” என்றிருந்தது. உரல் பதிந்த தடத்தைத் இராணுவத்தின் துவக்குப் பிடியின் தடமென ஒருவர் மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் என் பெயரும் அடிபட்டது. வீதியில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

4. மண்டபப் பூட்டின் திறப்பு வட்டத்தின் செயலாளர் திரு. சீவரத்தினத்திடமே உண்டு. அவர் என் மனைவியின் தம்பி. வாசகம் மாறுவதற்கு முன் மனைவியை அழைத்துச் சென்று படங்களைக் காட்டியிருக்கிறார். என் முதுகிலுள்ள மறுவை அறிந்தவர் என் மனைவி ஒருவரே. பஞ்சலிங்கம் தமக்கு ஒன்றும் தெரியாதென்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கூடியதில் அவருக்கும் மகிழ்ச்சியோ என்னவோ. என் ஐயம் பிழையாகவும் இருக்கலாம். வயது போனவன் எல்லோரையும் சந்தேகிக்கிறான் என்று தாங்கள் எண்ணக்கூடும். நானே அப்படி எண்ணிப் பார்த்தேன்.

5. நான் இராணுவத்துக்காகப் பரிந்து பேசவில்லை. அவர்கள் செய்தவை ஊரறிந்தவை. ஆனால் இதை அவர்கள் செய்யவில்லை. வாசகம் மாறிய அன்று மாலை மனைவி எனக்குத் தேநீர் தந்து, குரலை உயர்த்தாமல் சொன்னது இது: “இஞ்சாருங்கோ, இனி நீங்கள் ஆரிட்டைப் போய்ச் சொன்னாலும் ஆமிக்காரன்தானே அடிச்சவன்.” அதன்பின் இரு தடவை அடி விழுந்துவிட்டது. அயலவர் பழைய காயமென்று இரங்குகின்றனர். இனி எனக்கு எது நேர்ந்தாலும் அதுவும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

6. ஆகவே, கண்காட்சி கொடிகாமத்துக்குக் கொண்டுபோகப்படுமுன் முதல் வாசகத்தையே வைப்பிக்குமாறு மன்றாடுகிறேன். வழக்கம்போல இம்மனுவை அறிக்கைக்காகச் செயலாளருக்கே அனுப்பிவிட வேண்டாம். அனுப்பினால் அது அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிடும். விசாரிப்பதாயின் என்னைத் தங்கள் பணிமனைக்கு அழையுங்கள். மற்ற மூவரின் பெயர்கள் எனக்குத் தெரியா. அவர்களைத் தேடவும் வேண்டாம். “வீட்டினுள்” என்ற சொல்லை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று வட்டத்தினர் வாதிட்டால், அதன் கீழே என் முழுப்பெயரையும் எழுதச் சம்மதிக்கிறேன்.

இங்ஙனம்,
பணிவுடன்,
வே. பொன்னம்பலம்
(ஒப்பம்)

உடுப்பிட்டி,
12.09.1986