அழகுக்காக என்று தள்ளிவிட்டார்கள்

திருப்புலி நாடு,
கொல்லிமலை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சுசித்ரா எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். போனில் ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் போர்வெல் லாரி அடுத்த ஊருக்குக் கிளம்புவதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

மிளகு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏணியில் ஏறிக் கையைத் தூக்கினால் என் வயிற்றுத் தழும்பு சுண்டி இழுக்கிறது. போன வருஷம் குடல் ஆபரேஷன் செய்த இடம், சீழ் பிடித்து ஆறியதில் கயிறு மாதிரி இறுகிவிட்டது. அதைச் சரிசெய்ய சேலம் டாக்டர் எழுதிக் கொடுத்தும், இன்சூரன்ஸ்காரர்கள் அழகுக்காகச் செய்வது என்று தள்ளிவிட்டார்கள்.

நீங்களும் “தழும்புதானே, உடு” என்றீர்கள். நான் விடவில்லை. அத்தையோடு பஸ் ஏறி நாமக்கல் ஆபீசுக்கே போனேன். உயிருக்கு ஆபத்தில்லையே, அப்புறம் என்ன என்றார் அதிகாரி. “என் வயித்தைப் பாக்காமயே எப்படீங்க முடிவு பண்ணுனீங்க? உங்க டாக்டரு வந்து பாக்கட்டுங்க” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் கிளம்பச் சொன்னதற்கு அத்தை, “பஸ்சு போனாலும் போவுதுங்க, இங்கயே படுத்துக்கறோம்” என்றார்கள்.

சாயங்காலம் ஒரு டாக்டரம்மா வந்தார். அழுத்திப் பார்த்தார், குனிந்து நிமிரச் சொன்னார். தழும்பு உள்ளே சதையோடு ஒட்டிக் கிடக்கிறது, இதோடு வேலை செய்ய முடியாது என்றார். பிறகு, “அழகுக்காகவும் கேக்கறீங்களாம்மா?” என்றார். இல்லை என்று சொல்லும்படி அத்தை என் தொடையைக் கிள்ளினார்கள்.

“அதுக்கும்தானுங்க. அதுல என்னங்க தப்பு?” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். நேற்று அனுமதி வந்துவிட்டது. மாசியில் ஆபரேஷன்.

அத்தையிடம் சொல்லாத ஒன்று. கட்டுப் பிரித்த அன்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த வாரமே லாரிக்குப் போனீர்கள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. இது செத்துப் பிழைத்த வயிறு மாமா. இதற்காக யாரிடமும் தலைகுனிய மாட்டேன், உங்களிடமும்.

ஆஸ்பத்திரிக்குத் துணையாக அத்தை இருக்கிறார்கள். எல்லாம் சரியான பிறகு வரலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வருவதானால் முன்பே வாருங்கள். தழும்பு இருக்கும்போதே ஒருதரம் என்னைப் பாருங்கள்.

எட்டுக்கை அம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுசித்ரா